தொண்ணூற்று மூன்று வீதம்

இடப்பக்கத் துளை தை மாதத்தில் செத்தது.
வெளியே மைனஸ் முப்பத்தி நாலு.
கம்பளிக் காலுறையோடு கார்ப்பெட்டைக் கடந்து வந்து
பென் டிரைவைத் தொட்ட விரல் நுனியில்
கடுகளவு நீலப் பொறி.
அவ்வளவுதான்.
வின்னிபெக்கின் காய்ந்த காற்று
வீட்டுக்குள்ளேயே மின்னல் வளர்க்கிறது.

வலப்பக்கத் துளைக்கு நாக்கு ஆடுகிறது.
அது என் குற்றம்.
யூஎஸ்பி முதல் தரம் நுழையாது.
திருப்பினாலும் நுழையாது.
மறுபடி திருப்பினால்
முதலில் பிடித்த பக்கம்தான் சரியாக இருந்திருக்கும்.
இந்த மூன்று தரத்துக்கும் பொறுமையில்லாத ஒருத்தி
அமத்திவிட்டாள்.

செல்கெர்க் அவென்யூவில் ரொடெல்
பல்வைத்தியர் போல டார்ச் அடித்துப் பார்த்தான்.
"போர்டையே மாற்ற வேண்டும். இருநூற்று எண்பது."
கொம்பியூட்டரை நான் வாங்கியதே
அடகுக்கடையில், நூற்று இருபதுக்கு.
"புதுசு வாங்குவம்" என்றார் கேதாரநாதன்.
"எந்தக் காசில?" என்றேன்.
அதற்குப் பிறகு இரண்டு நாள்
உப்பு எங்கே, சாவி எங்கே
என்பதைத் தவிர
வீட்டில் பேச்சில்லை.

என் எம்பிராய்டரி மெஷின் ஒரு பிடிவாதக் குழந்தை.
பென் டிரைவில் ஊட்டினால்தான் தின்னும்.
யாமினிக்குச் சனிக்கிழமை கல்யாணம்.
கூறைக்குப் பிளவுஸ், இரண்டு கையிலும் கிளி.
கிளியோ கொம்பியூட்டருக்குள்.
வாசல் இடிந்த வீட்டில்
வெளியே வரத் தெரியாமல்.

வியாழன் இரவு
மின்சாரத்தைப் பிடுங்கி, பட்டரியைக் கழற்றி,
பதினோராம் நம்பர் ஊசியை எடுத்தேன்.
உள்ளே நாலு பொன் தகடுகள்,
எறும்புக் கட்டிலின் சட்டங்கள் போல.
ஒன்று மட்டும் முதுகு வளைந்து படுத்திருந்தது.
அதற்குக் கீழே
போன மாத ஓடரின் ரோஸ் நூல், அரை அங்குலம்.
என் நூல்தான்.
இழுத்தேன், வந்தது.
தகட்டை நிமிர்த்தினேன், மூச்சுவிடாமல்.

பழைய பஸ் டிக்கெட் ஒன்றை நாலாய் மடித்து
பென் டிரைவுக்கு அணை கொடுத்தேன்.
வந்தேன் என்று ஒரு மணியோசை.
போனேன் என்று ஒரு மணியோசை.
வாசலில் செருப்போடு நின்றபடி
இருக்கவும் மாட்டாத, போகவும் மாட்டாத விருந்தாளி.

பஸ் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட் முடித்து
அவர் வந்தது பன்னிரண்டரைக்கு.
பூட்ஸில் பனி கரையக் கரைய
ஒன்றும் கேட்காமல் முழங்காலில் இருந்தார்.
பென் டிரைவுக்குக் கீழே பெருவிரலை வைத்தார்.
எட்டு மணிநேரம் போல்ட் முறுக்கிய விரல்,
கிறீஸ் மணம்.
பச்சைக் கோடு நகர்ந்தது.
நாற்பத்தொன்று.
அறுபது.
இருவரும் திரையைத்தான் பார்த்தோம்.
எண்பத்தெட்டு.
தொண்ணூற்று மூன்றில்
அவருக்குத் தும்மல் வந்தது.

பிறகு அந்தத் துளை ஒரு ஓசையும் தரவில்லை.

கிடைத்த மட்டும் போதுமென்று
மெஷின் எப்படித் தின்றதோ தெரியாது.
பச்சை உடம்பு வந்தது, சிறகு வந்தது,
கழுத்துக்குக் கறுப்பு வளையமும் வந்தது.
கடைசி நிறம் சிவப்பு.
அது வரவேயில்லை.
இரண்டு கையிலும்
மூக்கில்லாத கிளிகள்.

அவர் முதலில் சிரித்தார்.
எனக்குக் கோபம் வர வேண்டும்; வரவில்லை.
மேல்வீட்டுக்காரர் தரையில் குதியால் இடிக்கும்வரை
சிரித்தோம்.

மூக்குகளைக் கையாலே தைத்தேன்.
சிவப்பு நூலைக் கோத்துக் கோத்துத் தந்தது அவர்,
ஒவ்வொரு தரமும் முடிச்சுப் போட மறந்து.
வலக்கை மூக்கு கொஞ்சம் நீண்டுபோயிற்று.

"மற்றதெல்லாம் சரிதான் அக்கா,
இந்த மூக்கு மட்டும் உயிரோட இருக்கு" என்றாள் யாமினி.
"புது டிசைன்" என்றேன்.

சித்திரை வந்துவிட்டது.
பனி உருகி ஒழுங்கை முழுக்கச் சேறு.
இருநூற்று எண்பதில் எழுபது சேர்ந்திருக்கிறது.
டிக்கெட் இன்னும் அந்தத் துளையில் செருகியபடி.
இரவு பதினொன்று இருபது வரை செல்லுபடி
என்று அதில் அச்சிட்டிருக்கிறது.
எந்த நாளின் இரவு என்பது
மடிப்புக்குள் போய்விட்டது.